அசனம் பரிமாறப்பட்டது

எங்கள் சேகரத்தின் செய்தி மடல் மாதத்தின் முதல் ஞாயிறன்று, திருவிருந்து ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கையில் கிடைக்கும். எட்டுப் பக்கம். முதல் பக்கத்தில் குருவானவரின் செய்தி. அடுத்து ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமண ஓலை, அடக்க ஆராதனை. பிறகு பிறந்தநாள் வாழ்த்து, காணிக்கைப் பட்டியல். கடைசி இரண்டு பக்கம் 'சேகரச் செய்திகள்'. தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்த பெண்கள் பலர் இந்த வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள். இந்த மடல்மீது எனக்குக் கோபம் உண்டு. குறிப்பாக, அதன் வினைச்சொற்கள்மீது.

ஓராண்டு மடல்களை வரிசையாக வைத்துப் படித்துப் பார்த்தேன். செயலர் வரவேற்றார். பொருளாளர் நன்றி கூறினார். கட்டட நிதிக்கு இன்னார் வழங்கினார். ஆண்கள் வரும் இடத்தில் எல்லாம் எழுவாய் இருக்கிறது, பெயர் இருக்கிறது, பெயருக்குப் பின்னால் பட்டமும் இருக்கிறது. அடுத்த வரியிலேயே இலக்கணம் மாறிவிடுகிறது. ஆலயம் அலங்கரிக்கப்பட்டது. தேநீர் வழங்கப்பட்டது. அசனம் பரிமாறப்பட்டது. யாரால்? செயப்பாட்டு வினையில் செய்தவரைக் காட்ட 'ஆல்' என்றோர் உருபு உண்டு என்று பள்ளியில் படித்தோம். எங்கள் மடலில் அந்த உருபைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அசனம் என்பது எங்கள் பக்கத்துச் சபைகளில் ஊரே கூடிச் சாப்பிடும் விருந்து. முந்தின நாள் மாலையில் பெண்கள் அரிவாள்மணையோடு வந்து உட்காருவார்கள். வெங்காயம், கத்தரிக்காய், முருங்கைக்காய் என்று இரவு வரை நறுக்கு நடக்கும். வீட்டுக்குப் போய் இரவுச் சமையலை முடித்து, பிள்ளைகளைத் தூங்க வைத்து, விடியற்காலையில் திரும்பவும் வருவார்கள். அடுப்புமேல் ஏறிய அண்டாவைக் கிளறுவது ஆண்கள். கிளறியவர்களின் பெயர் மடலில் வருகிறது, படத்தோடு. நறுக்கியவர்கள் 'பரிமாறப்பட்டது' என்ற சொல்லுக்குள் போய்விடுகிறார்கள்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பாருங்கள். முறுக்கு, ஊறுகாய், கேக், வளர்த்த கோழி, கொல்லையில் காய்த்த முதல் பூசணி எல்லாம் பீடத்துக்கு முன்னால் வந்து சேரும். பெரும்பாலும் பெண்களின் கைவேலை. ஏலம் தொடங்கியதும் ஒலிபெருக்கியில் கேட்பது எடுத்தவரின் பெயரும் தொகையும்தான். இரண்டு நாள் மாவரைத்து முறுக்குச் சுற்றியவளின் பெயரை ஒருவரும் கேட்பதில்லை. மறு மாத மடலில் அந்தத் தொகை ஆணின் காணிக்கையாக அச்சாகிறது. பொருளைச் செய்தவள் ஒருத்தி, காணிக்கை கொடுத்தவர் வேறொருவர்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "ஊழியத்துக்குப் பெயர் எதற்கு? வலது கை செய்வது இடது கைக்குத் தெரியலாமா?" சரி, அந்த வசனத்தை எல்லாருக்கும் சமமாக நீட்டுங்கள். ஆலயத்துக்குள் சற்றே நிமிர்ந்து பாருங்கள். குழல் விளக்கின் பட்டியில் பெயர். மின்விசிறியின் இறக்கையில் பெயர். பெஞ்சின் முதுகில் பெயர். வாசல் கருங்கல்லில் அடிக்கல் நாட்டியவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர் என்று பொன்னெழுத்தில் பெயர். காற்று வரும்போதெல்லாம் ஓர் ஆணின் பெயர் சுற்றுகிறது. தாழ்மை என்ற புண்ணியம் மட்டும் சமையற்கட்டுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது.

வேதாகமத்தையே எடுத்துக்கொள்வோம். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரம் ஏறக்குறைய ஒரு சபைச் செய்தி மடல்தான். பெபேயாள், பிரிஸ்கில்லாள், மரியாள், யூனியா, திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் என்று பெண்கள் அதில் தம் சொந்தப் பெயரில் வருகிறார்கள். யார் பாடுபட்டார், யார் உயிரைப் பணயம் வைத்தார் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. பிரிஸ்கில்லாளின் பெயர் கணவன் ஆக்கில்லாவின் பெயருக்கு முன்னால் நிற்கிறது. பவுலை மேற்கோள் காட்டிப் பெண்களை வாய்மூடச் சொல்லும் பிரசங்கியார்கள் இந்த அதிகாரத்தை வெறும் பெயர்ப்பட்டியல் என்று தாண்டிப் போவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தப் பட்டியல்தான் எனக்கு வேண்டும்.

பெயர் இருந்தால் போதுமா என்று கேட்கலாம். போதாது. எந்த வழியில் பெயர் வருகிறது என்பதும் முக்கியம். குருவானவரின் மனைவியை நாங்கள் ஐயரம்மா என்போம். பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு அவரே தலைவி. யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, அவருக்கு விருப்பமா என்றும் கேட்பதில்லை. திருமண்டல அளவில் பேராயரின் மனைவிக்கு அந்த நாற்காலி. கணவனுக்கு இடமாற்றம் வந்தால் தலைவியும் மாறிவிடுவார். வேலைக்குப் போகும் ஐயரம்மாவுக்கு இது சுமை. தலைமை தாங்கத் திறமுள்ள மற்றப் பெண்களுக்கு இது பூட்டு. குருவானவர் பெண்ணாக இருந்தால் அவருடைய கணவரை ஆண்கள் ஐக்கிய சங்கத்துக்குத் தலைவராக்குவார்களா? இந்தக் கேள்வியைக் கேட்டபோது எங்கள் கமிட்டியில் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பே பதிலாக இருந்தது.

"பெண்ணியம் எல்லாம் மேல்நாட்டுச் சரக்கு" என்பது இன்னொரு பதில். ஆங்கிலிக்கன் உலகில் முதன்முதலாகக் குருப்பட்டம் பெற்ற பெண் ஃப்ளாரன்ஸ் லீ டிம்-ஓய் என்ற சீனப் பெண். 1944இல், போர்க்காலத்தில், ஹாங்காங் பேராயர் அவருக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்தார். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் முதலிய சபைகள் இணைந்து 1947 செப்டம்பர் 27 அன்று உருவான நம் தென்னிந்தியத் திருச்சபை 1976இல் பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தது. இங்கிலாந்துத் திருச்சபை அதைச் செய்தது 1994இல். ஆக, நாம் அவர்களைவிட 18 ஆண்டு முந்தியவர்கள். ஆனாலும் நம் முதல் பெண் பேராயர், நந்தியால் திருமண்டலத்தின் புஷ்ப லலிதா, பொறுப்பேற்க 2013 வரை, 66 ஆண்டு ஆயிற்று. வெளிநாட்டைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

வெளிநாட்டிலிருந்து கற்க வேண்டியது ஒன்று உண்டு. அமெரிக்காவின் எபிஸ்கோப்பல் திருச்சபை நம்மைப் போலவே பேராயர்களைக் கொண்ட, ஆங்கிலிக்கன் வேரிலிருந்து வந்த சபை. அங்கே பெண்கள் நாள்தோறும் நன்றிக் காணிக்கையாகச் சில்லறை சேர்த்து, 1889இல் சபையிடம் ஒப்படைத்தார்கள். நம் வீடுகளில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்போமே, அதே மாதிரி. அந்த முதல் காணிக்கையில் அலாஸ்காவில் ஓர் ஆலயம் எழும்பியது, ஜப்பானுக்கு ஒரு பெண் ஊழியர் போனார். பணம் கொடுத்த பெண்களுக்கோ அந்தச் சபையின் பொதுமன்றத்தில் உட்கார இடமில்லை. 1946இல் மிசூரியிலிருந்து ஒரு பெண் பிரதிநிதியாக வந்து உட்கார்ந்தார். அவரையும் கணவரின் பெயரில், 'திருமதி ராண்டால்ஃப் டயர்' என்றே குறித்தார்கள். 1949இல் வந்த நான்கு பெண்களைத் திருப்பி அனுப்பினார்கள். 1970இல்தான் கதவு திறந்தது. கைப்பிடிக் காணிக்கைக்கும் வாக்குரிமைக்கும் நடுவில் 81 ஆண்டு.

அடுத்த கதவுக்கு அவர்கள் அத்தனை காலம் காத்திருக்கவில்லை. 1974 ஜூலை 29 அன்று, ஃபிலடெல்ஃபியாவில், சபையின் அனுமதி இல்லாமலே 11 பெண்கள் குருப்பட்டம் பெற்றார்கள். செல்லாது என்று பேராயர்கள் அறிவித்தார்கள். இரண்டே ஆண்டில், 1976இல், அதே சபை சட்டத்தை மாற்றியது. பொறுமையாக இருந்த 81 ஆண்டையும் பொறுமை இழந்த இரண்டு ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எங்கள் சேகரத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஆலய வளாகத்தில் பெண்களுக்குச் சரியான கழிப்பறை இல்லை. சர்க்கரை நோயுள்ள பாட்டிமார் ஆராதனை நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். மாதவிடாய் நாட்களில் ஞாயிறு பள்ளி ஆசிரியைகள் லீவு சொல்லிவிடுவார்கள். பெண்கள் ஐக்கிய சங்கம் மூன்று ஆண்டு கைப்பிடி அரிசியும் ஊறுகாயும் விற்றுப் பணம் சேர்த்தது. கமிட்டி அந்தப் பணத்தை 'வளர்ச்சி நிதி'யோடு சேர்த்து, நுழைவாயிலில் ஒரு வளைவு கட்டியது. தீர்மானம் போட்ட கூட்டத்தில் இருந்த ஒரே பெண்ணிடம் ஒப்பம் மட்டும் வாங்கினார்கள். மடலில் வந்த செய்தி: "பெண்கள் ஐக்கிய சங்கத்தின் ஒத்துழைப்புடன் நுழைவாயில் வளைவு கட்டி முடிக்கப்பட்டது." மீண்டும் ஒரு 'பட்டது'. எங்கள் பணத்துக்கு ஒத்துழைப்பு என்று பெயர், எங்கள் எதிர்ப்புக்குப் பெயரே இல்லை.

ஆகவே இலக்கணப் பிழை திருத்தச் சொல்லி நான் இதை எழுதவில்லை. வேலை செய்தவள் வாக்கியத்தில் இல்லாவிட்டால் வரவுசெலவிலும் இருக்க மாட்டாள், கமிட்டியிலும் இருக்க மாட்டாள். பள்ளி, கல்லூரி, நிலம், நியமனம் என்று சபையின் கையில் இருக்கும் அதிகாரத்துக்காகத் திருமண்டலத் தேர்தலில் ஆண்கள் எப்படி மோதுகிறார்கள் என்று நமக்குத் தெரியும். அந்த நேரத்தில் யாரும் தாழ்மையைப் பற்றிப் பிரசங்கிப்பதில்லை.

நான் கேட்பது இவைதான். மடலில் ஒவ்வொரு வேலைக்கும் செய்தவர் பெயர் வரட்டும். அவரவர் சொந்தப் பெயர், கணவனின் பெயர் வேண்டாம். ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கி, அசனத்தின் மறுநாள் அண்டா தேய்க்கும் கூலிப் பெண்ணின் பெயரும், அவளுக்குக் கொடுத்த கூலியும் வரட்டும். அவளை விட்டுவிட்டால் இது வசதியுள்ள வீட்டுப் பெண்களின் பட்டியலாகத்தான் இருக்கும். பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குத் தேர்தல் நடக்கட்டும். சங்கத்தின் பணம் சங்கத்தின் கணக்கிலேயே இருக்கட்டும், சங்கத்தின் தீர்மானம் இல்லாமல் ஒரு ரூபாயும் வெளியே போகக் கூடாது. கமிட்டியில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும்.

இவை நடக்கும்வரை அரிவாள்மணையை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவோம் என்று எங்கள் சங்கத்தில் சிலர் பேச ஆரம்பித்திருக்கிறோம். வரும் அசனத்துக்கு வெங்காயத்தைக் கமிட்டியே நறுக்கட்டும். நறுக்கியவர்களின் பெயரை மடலில் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.