குறிப்பா? மந்திரமா?

நமது தோழர்களில் பலருடைய பிள்ளைகள் இன்று சென்னையிலும், கோவையிலும், பெங்களூரிலும் சாப்ட்வேர் வேலையில் இருக்கின்றார்கள். அது என்ன வேலை என்று பெற்றவர்கள் கேட்டால், “உங்களுக்குப் புரியாது” என்று சொல்லிவிடுகிறார்கள். புரியாது என்பது பொய். கம்ப்யூட்டர் தானாக ஒன்றும் அறியாது. இன்னது செய், இப்படி இருந்தால் அதைச் செய், இல்லாவிட்டால் நிறுத்து என்று அதற்கு வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த எழுத்துக்குத்தான் நிரல் என்று பெயர். அதில் ஒரு சிக்கலை ஒருவர் தீர்த்துவிட்டால், தீர்த்த பத்து வரியையும், “இங்கே இடறிற்று, இப்படிச் செய்தேன், சரியாயிற்று” என்கின்ற குறிப்பையும் உலகத்தார் யாவரும் எடுத்துக்கொள்ளும்படி சும்மா வெளியிட்டுவிடுவது அத்தொழிலாளருக்குள் வழக்கம். காசு கேட்பதில்லை, நீ என்ன ஜாதி என்றும் கேட்பதில்லை. இந்த வழக்கத்தை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம். அது கெட்டு வருகின்ற விதத்தைப் பற்றித்தான் இங்கு எழுத வந்தோம்.

கிரிப்டோ காசு என்பதும் இந்த வழக்கத்தில் பிறந்ததுதான். 2008ல் சதோஷி நகமோட்டோ என்கின்ற புனைபெயரில் ஒருவரோ பலரோ ஒன்பது பக்கத்தில் ஒரு யோசனையை வெளியிட்டு, 2009 ஜனவரியில் அதற்கான நிரலையும் எல்லோரும் படிக்கும்படி விட்டார்கள். அதுவே பிட்காயின். அந்தக் காசை வாங்குங்கள் என்று நாம் எவருக்கும் சொல்ல மாட்டோம். அதில் சூதாட்டம் நிறைய இருக்கின்றது. உண்டியலில் போட்டவன் மாதிரி வாயை மூடிக்கொண்டு திரும்ப வேண்டிய இடங்களும் அநேகம். நாம் பார்ப்பது அதன் நிரல் எழுதுகிறவர்களின் நடத்தையை மட்டுமே.

மொத்தம் 2 கோடியே 10 லட்சம் காசுக்கு மேல் உண்டாகாது என்பது பிட்காயினின் ஆதார விதி. ஆனால் 2010 ஆகஸ்டு 15ந் தேதி யாரோ ஒருவர் ஒரே கணக்கில் 18,400 கோடிக்கு மேற்பட்ட காசை உண்டாக்கிக்கொண்டார். எப்படியென்றால், இரண்டு பெருந்தொகைகளைக் கூட்டினபோது வந்த தொகை, கம்ப்யூட்டர் அதற்கென்று ஒதுக்கியிருந்த இடத்துக்குள் அடங்கவில்லை. மோட்டார் வண்டியின் மைல் கணக்கு 99999க்கு மேல் சுற்றிக்கொண்டு 00000 ஆகிவிடுவதுபோல, அந்தத் தொகையும் சுற்றிக்கொண்டு பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது. செலவு வரவுக்குள் இருக்கிறதா என்று பார்க்கின்ற வரியும், “இருக்கின்றது” என்று விட்டுவிட்டது. சில மணி நேரத்துக்குள் அதைக் கவனித்தவர்கள், இந்தக் கணக்கு விசித்திரமாயிருக்கின்றதே என்று பகிரங்கமாய் எழுதினார்கள். நகமோட்டோ மறைக்கவில்லை. சாபம் கொடுக்கவில்லை. அன்றே திருத்தம் வெளிவந்தது; அந்தப் பொய்க்காசு கணக்கிலிருந்து தள்ளுபடியாயிற்று.

நாம் கேட்கின்றோம்: எந்த வேதத்திலாவது, எந்தப் புராணத்திலாவது, “முன்பு சொன்னதில் பிழை இருக்கின்றது, இப்படித் திருத்தி வாசிக்கவும்” என்று ஒரு வரி உண்டா? இரண்டாயிரம் வருஷமாய் ஒரு எழுத்துப் பிழைகூட அவர்கள் ஒப்புக்கொண்டதில்லையே!

நிற்க, “இதெல்லாம் இரகசியமான வித்தை, கண்டவர்களுக்குச் சொன்னால் ஆபத்து” என்று சொல்லுகிறவர்கள் அங்கும் உண்டு. சூத்திரன் வேதத்தைக் கேட்டால் காதில் உருக்கி ஊற்று என்று கௌதம தர்ம சூத்திரம் எழுதி வைத்தது. அமெரிக்க சர்க்கார் உருக்கி ஊற்றவில்லை. குற்ற விசாரணை வைத்தார்கள். பில் ஜிம்மர்மன் என்பவர் சாதாரண மக்கள் தங்கள் கடிதங்களைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்புவதற்கான நிரலை 1991ல் இலவசமாய் வெளியிட்டார். பலமான பூட்டு நிரல் அந்நாட்டுச் சட்டப்படி அன்று யுத்த தளவாடம்! அதை அயல்நாடு போகவிட்டார் என்று 1993ல் அவர்மேல் விசாரணை ஆரம்பமாயிற்று. 1995ல் அந்த நிரல் முழுவதையும் புத்தகமாக அச்சிட்டுவிட்டார்கள். துப்பாக்கியைத் தடுக்கலாம், புத்தகத்தை எப்படித் தடுப்பது? 1996ல் வழக்கில்லாமலே விசாரணையைக் கைவிட்டார்கள். இத்தனைக்கும், பூட்டின் அமைப்பு எதிரியின் கையில் அகப்பட்டாலும் கெடுதி வரக்கூடாது, சாவி ஒன்றே இரகசியமாயிருக்க வேண்டும் என்று கெர்க்காஃப்ஸ் என்கின்ற மொழி ஆசிரியர் 1883லேயே எழுதிவிட்டார். மறைத்து வைத்தால்தான் பலம் என்கின்ற வாதம் அன்றே செத்தது. புரோகிதத் தொழிலில் மட்டும் அது இன்னும் சாகவில்லை.

ஆகவே வெளியிடுவதைப் பற்றி நமக்குச் சந்தேகமில்லை. எடுத்துக்கொள்ளுகிறவர்களின் யோக்கியதையைப் பற்றித்தான் சந்தேகம்.

ஒருவர் அர்த்தத்தோடு எழுதின குறிப்பை இன்னொருவர் அர்த்தம் கேட்காமல் அப்படியே தூக்கித் தன் வேலையில் ஒட்டிக்கொள்ளுகிறார். ஓடுகிறதா? ஓடுகிறது. ஏன் ஓடுகிறது? தெரியாது. அர்த்தம் தெரியாமல் ஜெபித்துவிட்டுத் தக்ஷணை வாங்குகிற ஐயருக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்? ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிற சாப்ட்வேர்க்காரர்களை நாம் பார்த்திருக்கின்றோம். அதைப் பார்த்துச் சிரிக்கிற நம் இளைஞர்களே, அர்த்தம் தெரியாத பத்து வரியை மறுநாள் ஒட்டும்போது தாங்களும் பொட்டுத்தான் வைக்கின்றார்கள்.

டெபியன் என்கின்ற பொது நிரல் தொகுதியில் 2006ல் நடந்ததைக் கேளுங்கள். சாவி உண்டாக்குகிற நிரலில் ஒரு வரியைப் பற்றிப் பரிசோதனைக் கருவி முறையிட்டது. தொகுப்பாளர் அதை எடுத்துவிடலாமா என்று பகிரங்கமாய்க் கேட்கவும் செய்தார், எடுக்கலாம் என்கின்ற மாதிரி பதிலும் வந்தது, எடுத்துவிட்டார். அந்த வரிதான் சாவிகளை எவரும் ஊகிக்க முடியாதபடி கலைத்துப் போடுகிற வரி என்பதை ஒருவரும் நின்று யோசிக்கவில்லை. அதன் பிறகு எண்ணிலடங்காத விதமாய் இருக்க வேண்டிய சாவிகள், ஒரு வகைக்குச் சுமார் 32 ஆயிரத்துக்குள் அடங்கிப் போயின. திருடன் அத்தனையையும் ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்துவிடலாம். 2008 மே மாதம் கண்டுபிடிக்கும்வரை, ஏறக்குறைய இரண்டு வருஷம், உலகமெங்கும் அந்தப் பூட்டை நம்பினார்கள். வெளியில் இருந்ததனால்தான் கண்டுபிடிக்க முடிந்தது என்பதும் உண்மை. வெளியில் இருந்தும் இரண்டு வருஷம் யாரும் படிக்கவில்லை என்பதும் உண்மை.

பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் இது எவ்வளவு கொடுமையாய் முடியும் என்பதற்குப் பாரிட்டி பணப்பையின் கதையே போதும். எதீரியம் என்கின்ற மற்றொரு கிரிப்டோ காசை வைத்துக்கொள்ளப் பலர் அந்தப் பணப்பையை உபயோகித்தார்கள். பை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நிரல் எழுதாமல், ஒரே பொது நிரலை வைத்து எல்லாப் பைகளும் அதைக் கேட்டு நடக்கும்படி செய்திருந்தார்கள். சிக்கனமான ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பொது நிரலுக்குச் சொந்தக்காரர் இன்னார் என்று எழுதி வைக்க மறந்துவிட்டார்கள். 2017 நவம்பரில் எவரோ ஒருவர் அதைத் தொட்டுப் பார்த்து, நானே சொந்தக்காரன் என்று பதிந்துகொண்டு, பிறகு அதை அழித்தும் விட்டார். தெரியாமல் அழித்துவிட்டேன் என்றும் அவரே எழுதினார். 500க்கு மேற்பட்ட பைகளிலிருந்த 5 லட்சத்து 13 ஆயிரம் எதீருக்கு மேல் அந்த நிமிஷமே உறைந்து போயிற்று.

இதில் நமக்கு வயிறெரிவது வேறொன்று. அந்த இடத்தில் சொந்தக்காரர் பெயரைப் பதிந்துவிடுங்கள் என்று வெளியாள் ஒருவர் அந்த வருஷம் ஆகஸ்டிலேயே குறிப்பு எழுதியிருந்தார். பின்னால் வந்த பாரிட்டியின் சொந்த அறிக்கையே இதை ஒப்புக்கொள்ளுகிறது. அதை ஒரு சௌகரியத்துக்கான யோசனை என்று நினைத்து, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கின்றார்கள். குறிப்பு இருந்தது. திறந்த வெளியில் இருந்தது. அதன் அர்த்தத்தைக் கேட்பார் இல்லை. “நம்பாதே, சரிபார்” என்பது கிரிப்டோக்காரர்கள் நாள்தோறும் சொல்லுகிற வாக்கியம். அதையும் மந்திரமாக்கிவிட்டார்கள் போலும்! 2018ல் அந்தப் பணத்தை மீட்க ஒரு திருத்தம் யோசிக்கப்பட்டது. கருத்துக் கேட்டதில் எதிர்ப்பே அதிகம். பணம் எங்கே இருக்கின்றது என்று இன்றைக்கும் யாரும் பார்க்கலாம், எடுக்கத்தான் முடியாது.

“எல்லாவற்றையும் புரிந்துகொண்டுதான் எடுப்பதென்றால் வேலை நடக்குமா? முதலாளி நாளைக்கே கேட்கிறாரே” என்று சில இளைஞர்கள் நம்மிடம் சொன்னார்கள். இது நியாயமான கஷ்டம்தான். சம்பளக்காரனை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. அவகாசம் கொடுக்காமல் விரட்டுகிற முதலாளிக்கே பழியில் பெரும் பங்கு. ஆனாலும் எல்லாக் குறிப்பும் ஒன்றல்ல. கோப்பின் அளவை அழகாய்க் காட்டுகிற சில வரியை ஒருவர் 2010ல் வெளியிட்டார். ஏராளமான பேர் பிரதி செய்தார்கள். சில எண்களுக்கு அது தப்பாகக் காட்டுகிறது என்று 2019ல் எழுதியவரே சொன்னார். அதனால் எவன் குடியும் கெடவில்லை. சாவியையும் பணத்தையும் தொடுகிற வரி அப்படியல்ல. அங்கேயாவது நின்று படிக்க வேண்டாமா?

போதாக்குறைக்கு இப்பொழுது கேட்டவுடன் நிரல் எழுதிக் கொடுக்கிற யந்திரங்களும் வந்துவிட்டன. மனிதர்கள் எழுதி வைத்த இலட்சக்கணக்கான குறிப்புகளைப் படித்துவிட்டு, எழுதினவன் யார், எந்த வருஷம், பின்னால் திருத்தினானா என்கின்ற விபரமெல்லாம் போய், பதில் மட்டும் அசரீரி வாக்குப்போல வருகின்றது. தப்பாயிருந்தாலும் அதே கம்பீரம்தான். யந்திரத்தின்மேல் நமக்குக் கோபமில்லை. அசரீரியைக் கண்டால் எழுந்து நின்று கும்பிடுகிற நம்மவர் பழக்கத்தின்மேல்தான் கோபம்.

ஆகையால், நமது இயக்கத்தில் பற்றுள்ள சாப்ட்வேர் தோழர்கள் குறிப்பு வெளியிடும்போது நிரலை மட்டும் போடாமல், அது ஏன் வேலை செய்கின்றது, எந்த இடத்தில் வேலை செய்யாது, எந்தத் தேதியில் எழுதினது என்கின்ற மூன்றையும் கூடவே எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம். பிறர் குறிப்பில் பிழை கண்டால் வெட்கப்படாமல் அங்கேயே எழுதுங்கள். உங்கள் குறிப்பில் பிறர் பிழை கண்டால் அதையும் அழிக்காமல் திருத்தத்தோடு வையுங்கள். முடிந்தவரை தமிழில் எழுதுங்கள். தகப்பனாருக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். அவர் “ஏன்?” என்று கேட்கிற இடத்தில் உங்களுக்குப் பதில் வராவிட்டால், அந்த வரியை இன்னும் ஒட்ட வேண்டாம்.