ஆளில்லா நிலையமும் அனைத்தையும் காணும் இறைவனும்

காவிரிக் கரைத் திருவையாற்றுக்கு இரயில் நிலையம் கிடையாது. அவ்வூரார் பேருந்தேறித் தஞ்சாவூர் வந்தே இரயிலைப் பிடிக்கின்றனர். பேருந்தில் நடத்துநர் இருக்கைக்கே வந்து காசு கேட்கிறார். தஞ்சாவூர்ச் சந்திப்பில் சீட்டுப் பரிசோதகரின் அச்சம் இருக்கிறது. ஆனால் இரயில்வேயில் ‘ஹால்ட்’ எனப்படும் சிற்றூர் நிறுத்தங்களில் நிலைய அதிகாரி இல்லை. சீட்டைக் காட்டு என்பாரும் இல்லை. வயல் நடுவே ஒரு மேடை, ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவே. அங்கே சீட்டு வாங்குவதும் வாங்காது ஏறுவதும் பயணியின் ஈமானைப் பொறுத்தவை.

“அரசாங்கச் சொத்துத்தானே! என் பத்து ரூபாயிலா இரயில் ஓடுகிறது?” என்று சிலர் நியாயம் பேசுவர். ஐவேளை தொழுவோரும் இதைச் சாமர்த்தியம் என எண்ணுவது வேதனைக்குரியது. தனியொருவர் பொருளை எடுத்தவன் அவரிடமே சென்று மன்னிப்புக் கேட்கலாம். பொதுச் சொத்திலோ ஏழைக்கும், அநாதைக்கும், பிற சமயத்தார்க்கும் பங்குண்டு. அத்தனை பேரையும் எங்கே தேடுவது? ஆகவே இந்த ஹக்கு மிகக் கனமானது.

மேலும், இத்தகைய நிறுத்தங்கள் பலவற்றில் சீட்டு விற்பவர் இரயில்வேயின் சம்பளக்காரர் அல்லர், ஒப்பந்த முகவர். விற்ற சீட்டுக்குரிய தரகே அவருடைய கூலி. நாம் வாங்காத ஒவ்வொரு சீட்டும் அவர் கூலியைக் குறைக்கிறது. வருவாய் போதாதென்று நிறுத்தமே மூடப்பட்டால், கூடையோடு சந்தைக்குச் செல்லும் மூதாட்டியும் கல்லூரி மாணவியும் அல்லலுறுவர்.

ஜப்பான் நாட்டுச் சிற்றூர்களில் ஆளில்லா நிலையங்கள் ஏராளம். அங்கே ஓட்டுநர் மட்டுமே உள்ள வண்டிகளில் ஏறுவோர், ஏறிய நிலையத்தைக் காட்டும் எண் சீட்டை எடுத்துக்கொள்கின்றனர். இறங்கும்போது அதனுடன் கட்டணத்தையும் பெட்டியில் இடுகின்றனர். நாணயத்துக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டிய நாம் அவர்களினும் பின்தங்கலாமா?

நாம் அல்லாஹ்வைக் காணாவிடினும் அவன் நம்மைக் காண்கிறான் என்ற உணர்வே ‘இஹ்சான்’ என்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஜிப்ரீல் (அலை) அவர்களுக்கு விளக்கினார்கள். அவ்வுணர்வு பள்ளிவாசலோடு நின்றுவிடலாகாது.

மௌலானா அஷ்ரஃப் அலி தானவி (ரஹ்) அவர்கள் (1863–1943) ஒருமுறை இரயிலேறுமுன் அதிகப்படிச் சுமைக்குக் கட்டணம் செலுத்த முற்பட்டார்களாம். அவர்களை அறிந்த கார்டு, தாமே உடன் வருவதாகவும், அடுத்து வரும் கார்டிடமும் சொல்லிவிடுவதாகவும் கூறித் தடுத்தார். “அதற்குப் பிறகும் என் பயணம் உண்டே, மறுமையில் எந்தக் கார்டு வந்து காப்பார்?” என்ற கருத்தில் மறுமொழி கூறிக் கட்டணத்தைச் செலுத்தினார்களாம்.

முன்பு சீட்டின்றிச் சென்றோர் தவ்பாவோடு நின்றுவிடலாகாது. சென்ற பயணங்களைக் கணக்கிட்டு, அத்தொகைக்குச் சீட்டு வாங்கி, பயன்படுத்தாமல் கிழித்துவிடுமாறு உலமாக்கள் வழிகாட்டியுள்ளனர். பணம் உரிய இடம் சேரும். அதே சிறு நிறுத்தத்தில் வாங்கினால் முகவருக்கு நாம் இழைத்த குறையும் தீரும்.

பிள்ளைகள் நம் சொல்லைவிடச் செயலையே கற்கின்றனர். ஆளில்லா மேடையில் தந்தை சீட்டு வாங்குவதைக் காணும் சிறுவன் அமானிதத்தின் பாடத்தை அங்கேயே பெறுகிறான்.

மறைவிலும் வெளிப்படையிலும் தன்னை அஞ்சி வாழும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.