பிள்ளைகளின் படப் புத்தகத்தில் நம் குதிரை எங்கே?

குழந்தைகளுக்கென்று அச்சிடும் படப் புத்தகங்களைப் பெரியவர்கள் புரட்டிப் பார்ப்பது அரிது. எனக்கோ அது கடமை. விடுமுறைதோறும் அக்காள் மகனுக்கு ஒன்று வாங்கிப் போகவேண்டும். இம்முறை அகப்பட்டது உலகக் குதிரை இனங்களைப் பற்றிய வண்ணப் புத்தகம். அழகிய புத்தகம் என்பதில் ஐயமில்லை. பார வண்டி இழுத்த இங்கிலாந்தின் ஷயர் ஒரு பக்கம். தோளுயரம் மூன்றரை அடியைத் தாண்டாத ஷெட்லாந்து மட்டக்குதிரை மறுபக்கம். அரபுக் குதிரையின் குழிந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால், இந்தியக் குதிரை ஒன்றுகூட இல்லை!

எழுதிய ஆங்கிலேயரை நான் குறை கூறமாட்டேன். தம் வேலிக்கப்பால் மேய்ந்ததை அவர் வரைந்தார். அதையே வாங்கி இந்நாட்டுப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, ‘உலகக் குதிரைகள் இவைதாம்’ என்று நாம் சொல்வதுதான் தவறு.

ராஜஸ்தானத்து மார்வாரியின் காதுகளைக் கண்டிருக்கிறீர்களா, நண்பர்களே? உள்நோக்கி வளைந்து, நுனியோடு நுனி தொட்டு நிற்கும். கத்தியவார் குதிரைக்கும் அப்படியே. படம் போடுபவனுக்கு இதைவிட விருந்து வேறென்ன வேண்டும்? மூச்சு வாங்கும் லடாக்கின் உயரங்களில் சுமை தூக்கும் ஜான்ஸ்காரி உண்டு. இமாசலத்தில் ஸ்பிட்டி உண்டு.

எனக்கு மிகவும் உறுத்தியது வேறொன்று. அப்புத்தகத்தில் போலோ ஆட்டத்துக்கு ஒரு முழுப்பக்கம். அதில் அர்ஜென்டினக் குதிரை. இன்றைய போலோ எங்கிருந்து போயிற்று? மணிப்பூரிகள் ஆடிய சகோல் காங்ஜெய் ஆட்டத்தைக் கண்டுதான் கச்சார்ப் பகுதி ஆங்கிலேயர் அதைக் கற்றனர். 1859-இல் சில்சாரில் சங்கம் கண்டனர். 1862-இல் கல்கத்தாவிலும் சங்கம் எழுந்தது. அவ்வாட்டத்துக்கு முதுகு கொடுத்தது பெரும்பாலும் நாலேகால் அடிக்குள் நிற்கும் மணிப்பூர் மட்டக்குதிரை. ஆட்டம் உலகை வலம் வந்தது. குதிரைக்கோ மேய்ந்த சதுப்பு நிலமும் சுருங்கியது. 2016-இல் அதைக் காக்க மணிப்பூர் அரசு தனிக் கொள்கையே வகுக்க நேர்ந்தது.

2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து சுமார் 3.4 லட்சம். 2012 கணக்கைவிட 45 விழுக்காட்டுக்கும் மேல் குறைவு!

“படப் புத்தகம் குதிரையைக் காக்குமா?” என்று விடுதியில் ஒரு தோழர் நகைத்தார். காக்காதுதான். ஆனால், பெயரே கேட்டிராத ஒன்று மறைந்தால் வருந்துவார் யார்? நம் ஊர்ப் பிள்ளைக்குக் குதிரையென்றால் ஐயனார் கோயில் மண்குதிரை, மிஞ்சினால் கடற்கரையில் காசுக்கு ஏற்றும் குதிரை. பரி, புரவி, இவுளி என்று அடுக்கடுக்காய்ப் பெயர் வைத்த மொழியில், குதிரை இனங்களைச் சொல்லும் குழந்தை நூலொன்று நான் ஏறி இறங்கிய கடைகளில் கிடைக்கவில்லை.

நாமே ஏன் செய்யக்கூடாது? பதினாறு பக்கம் போதும். ஒவ்வொரு குதிரையின் பக்கத்திலும் ஓர் ஆளை நிறுத்தி வரைந்தால் உயரம் தானே விளங்கும். அது செய்யும் வேலையையும் சேர்த்தே வரையவேண்டும். வெறுமனே பக்கவாட்டில் நிற்கவைத்தால் பிள்ளை இரண்டாம் பக்கத்திலேயே கொட்டாவி விடும். மணிப்பூர், ராஜஸ்தான மாணவர்கள் நம் விடுதியிலேயே இருக்கிறார்கள். ஊர்ச் செய்திகளை அவர்களிடமே கேட்கலாம். தமிழ் வாசகம் எழுதுவது என் பொறுப்பு. தூரிகை பிடிக்கத் தெரிந்தவர்கள் மன்றச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.