பறந்த பையும் பறந்துபோன நடராஜரும்

வானவெளிக்குப் போய்வந்த கப்பல்களின் தகடு, துணி முதலிய துண்டு துணுக்குகளைச் சேர்த்து வைப்பதென்பது மேல்நாடுகளில் ஒரு பெரிய ஆசையாகவும், அதைவிடப் பெரிய வியாபாரமாகவும் இருந்து வருகின்றது. இதைக் கேள்விப்பட்ட நமது வைதீகத் தோழர்கள் சிலர், "பார்த்தீர்களா! உங்கள் விஞ்ஞான உலகத்திலும் பக்தி இருக்கிறதே! நாங்கள் விக்கிரகத்தைக் கும்பிட்டால் மாத்திரம் மூடநம்பிக்கையா?" என்று கேட்கின்றார்கள். நல்ல கேள்விதான். சுவாமிமலையையும் அதன் அக்கம்பக்கத்தையும் வைத்துக்கொண்டே பதில் சொல்லுவோம்.

1969-ல் அப்போலோ 11-ல் சந்திரனுக்குப் போனவர்கள் அங்குள்ள மண்ணை ஒரு சிறு பையில் கொண்டுவந்தார்கள். அந்தப் பை எப்படியோ கைமாறி, 2015-ல் அமெரிக்க சர்க்கார் ஏலத்தில் 995 டாலருக்குப் போயிற்று. வாங்கினவர் அதற்குக் கற்பூரம் கொளுத்தவில்லை. "இது நிஜந்தானா?" என்று நாசா ஸ்தாபனத்துக்கே பரீட்சைக்கு அனுப்பினார். உள்ளே சந்திரனின் தூசி இருப்பது ருசுவாயிற்று. ருசுவான பிறகு நாசாவார் திருப்பிக் கொடுக்க மறுத்ததும், கோர்ட்டுக்குப் போய் அவர் அதை மீட்டதும் வேறு சங்கதி. 2017-ல் அதே பை 18 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. ஒரு பைக்கு இவ்வளவு பணமா, இது பைத்தியமல்லவா என்றால், பைத்தியமென்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ருசு கேட்கிற பைத்தியம்!

ருசு எதிராக வந்தால் என்ன செய்வார்கள்? ஹாலந்து தேசத்தின் முன்னாள் பிரதம மந்திரி ஒருவருக்கு 1969-ல் அமெரிக்க ஸ்தானீகர் கொடுத்த 'சந்திரக் கல்' அவர் காலத்துக்குப் பின் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் சேர்ந்தது. 2009-ல் பரீட்சித்துப் பார்த்ததில் அது கல்லாய்ச் சமைந்த மரக்கட்டை என்று தெரிந்தது. மியூசியத்தார் அதை ஊரறியச் சொல்லிவிட்டார்கள். சொன்னவரை யாரும் பாவி என்று வையவுமில்லை, எவரும் பிராயச்சித்தம் செய்துகொள்ளவுமில்லை.

நிற்க, நம் ஊர் யோக்கியதைக்கு வருவோம். கும்பகோணத்துக்குப் பக்கத்திலுள்ள சிவபுரத்தில் 1951-ல் சோழர் காலத்து விக்கிரகங்கள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன. அவை கோயிலுக்குக் கொடுக்கப்பட்டன. பிறகு பழுதுபார்க்கவென்று வெளியே போன நடராஜர் திரும்பி வரவேயில்லை. அவரைப்போலவே வார்த்த வேறொரு நடராஜர் வந்து காலைத் தூக்கி நின்றார்! அசல் நடராஜர் பம்பாய்க்குப் போய், கடலையும் தாண்டி, 1973-ல் அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் ஸ்தாபனத்தாரிடம் போய்ச் சேர்ந்தார். அந்தக் காலமெல்லாம் சிவபுரத்தில் மணி அடித்தவருக்கும் தெரியவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டவருக்கும் தெரியவில்லை. கோயிலிலிருப்பது போலி என்பதை உலகத்துக்குச் சொன்னவர் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட். அவருடைய புத்தகம் 1965-ல் வெளியாயிற்று. நமது சர்க்கார் வழக்காடி, ராஜி செய்து, 1986-ல் அசல் திரும்பிற்று.

நாம் கேட்கிறோம்: அசலில் இருந்த 'சக்தி' நேற்று வார்த்த போலியிலும் குறைவில்லாமல் இருந்ததென்றால், அந்தச் 'சக்தி' எங்கேதான் இருந்தது?

ஸ்ரீபுரந்தான் நடராஜர் கதையும் இதுவே. திருட்டுப்போன அவரை 2008-ல் ஆஸ்திரேலியா தேசத்துக் கலைக்கூடத்தார் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். 2014-ல் திருப்பி அனுப்பினார்கள். அவரை மீட்டது மந்திரமா? புதுச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்டார் முன்னமே எடுத்து வைத்திருந்த ஒரு போட்டோப் படம்!

நகல் செய்வது குற்றமென்று நாம் சொல்லவில்லை. சந்திரயான் சோதனைக்கு நாமக்கல் சீமை மண்ணைக் கொண்டுபோய்ச் சந்திர மண்ணைப்போலப் பரப்பினார்கள். அது நாமக்கல் மண் என்று சொல்லித்தான் செய்தார்கள். நகலை அசல் என்பதுதான் புரட்டு.

சுவாமிமலை ஸ்தபதிகளின் கைத்திறமைக்கு எந்தப் புரட்டும் தேவையில்லை. தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருச் செய்து, காவேரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அந்த இடத்தில் உலோகத்தை வார்த்து, அச்சை உடைத்து எடுக்கிறார்கள். ஆகாயக் கப்பல் எஞ்சினின் இறக்கைத் தகடுகளை வார்ப்பதும் இந்தத் தத்துவத்தைக் கொண்டுதான். 2023-ல் டில்லியில் நிறுத்திய 27 அடி, 18 டன் நடராஜர் சுவாமிமலைக்காரர் வார்த்ததே. இப்படிப்பட்டவன் செய்த உருவத்தைக் கும்பாபிஷேகம் ஆனபிறகு அவனே தொடக்கூடாதாம்! அவன் பெயரும் அதில் இராதாம்! செய்தவன் பெயரும், செய்த வருஷமும் மறைந்த இடத்தில்தானே திருடனுக்கும் தரகனுக்கும் கொண்டாட்டம்?

ஆகவே நாம் கேட்பது அதிகமில்லை. ஒவ்வொரு கோயில் விக்கிரகத்துக்கும் படம், உயரம், எடை எழுதி, அந்த ஊராரே பார்க்கும்படி தொங்கவிடுங்கள். வார்க்கிறவன் தன் பெயரையும் வருஷத்தையும் பீடத்தில் வெட்டட்டும். வாங்குகிறவன், அது வானத்திலிருந்து வந்த தகடானாலும் சரி, சோழன் காலத்துச் சாமியானாலும் சரி, "ருசு எங்கே?" என்று கேட்கட்டும். அப்படிக் கேட்கிறவனை நாஸ்திகன் என்று விரட்டுகிற ஊரில் சாமிக்கும் பத்திரமில்லை, ஆசாமிக்கும் பத்திரமில்லை.