திதி தெரியாத சாவு

டிசம்பர் 7 வந்தால் உலகம் பேர்ல் ஹார்பருக்காகத் தலை குனிகிறது. குனியட்டும். 2,403 அமெரிக்க உயிர்கள். அதற்கு அழுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஹவாயில் முதல் குண்டு விழ ஒரு மணி நேரத்துக்கும் முன்பே, மலாயாவின் கிளந்தானில் கோத்தா பாரு கடற்கரையில் ஜப்பான்காரன் இறங்கிவிட்டானே! இங்கே நாட்காட்டியில் 8 பிறந்திருந்தது, அவ்வளவுதான். அந்தத் தேதியைச் சொன்னால் எங்கள் பிள்ளைகளே திருதிருவென்று விழிக்கிறார்கள்.

யார் சண்டை அது? ரப்பர் தோட்டத்து லயத்தில் படுத்துக் கிடந்த தமிழனுக்கு டோக்கியோ எங்கே, லண்டன் எங்கே? விடிந்தால் பெரட்டில் ஆள் கணக்கு, பிறகு பால்மரம். 11ஆம் தேதி பினாங்கு ஜார்ஜ்டவுன் மேலே விமானங்கள் வந்தபோது ஜனங்கள் தெருவில் நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தின் மேலேயே குண்டு போட்டான். அடுத்த சில நாளில் வெள்ளைக்காரக் குடும்பங்கள் சத்தமில்லாமல் பினாங்கைவிட்டுக் கப்பலேறின. காட்டை அழித்து ரப்பர் நட நாங்கள் வேண்டும்; கப்பலில் மட்டும் எங்களுக்கு இடம் கிடையாது!

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் விழுந்தது. அப்புறம் சயாம்-பர்மா ரயில்பாதை வேலை. கூலி உண்டு, சோறு உண்டு, கொஞ்ச மாதத்தில் திரும்பலாம் என்று ஜப்பான்காரர்கள் ஆசை காட்டினார்கள். ஆள் சேராதபோது லாரியில் அள்ளினார்கள். என் தாத்தா பால் வாளியோடு போனவர். வாளி மட்டும் லயத்துக்கு வந்தது.

415 கிலோமீட்டர் தண்டவாளம். மலேரியா, வயிற்றுப்போக்கு, 1943இல் காலரா. கைதியான படைவீரனுக்காவது ஒரு மருத்துவன், ஒரு பெயர்ப்பட்டியல் இருந்தது. எங்கள் ஆட்களைக் குழியில் தள்ளியவன் பெயரா கேட்டான்? அந்தப் பாதையோரம் சயாமில் இருக்கும் காஞ்சனாபுரிக்குப் போய்ப் பார்த்தேன். ஏறக்குறைய 7,000 போர்க்கைதிகளின் கல்லறைகள், புல் வெட்டி, பூச்செடி வைத்து, வரிசை பிசகாமல். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே நடந்தேன். பைத்தியக்காரத்தனம்தான், ஒரு முனுசாமி, ஒரு மாரிமுத்து அங்கே எப்படி இருப்பான்? பல்லாயிரம் பேர் செத்தார்கள் ஐயா, பல்லாயிரம்!

பாட்டி தாலியைக் கழற்றவில்லை. சொந்தக்காரர்கள் திதி கொடுத்துவிடு என்று வருஷா வருஷம் சொல்வார்கள். அவள் கேட்டது ஒன்றுதான்: "எந்த நாளுக்குடா கொடுக்கிறது?"