புகை உங்களுக்கு, இருமல் அவருக்கா?

ஓட்டலுக்குள் பீடி, சிகரெட் பிடிக்கக் கூடாது.

இது சட்டம். நேற்று வந்த சட்டம் அல்ல. 2003-ம் ஆண்டிலேயே பாராளுமன்றம் சட்டம் செய்தது. அதைக் கண்டிப்பாக்கும் விதிகள் 2008-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, காந்தி ஜெயந்தி அன்று, நாடு முழுவதும் அமலுக்கு வந்தன. அப்போது மத்திய சுகாதார மந்திரியாக இருந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த டாக்டர் அன்புமணி ராமதாஸ்.

"ஓட்டல்" என்றால் இட்லி, தோசை விற்கும் இடம் மட்டும்தானா? இல்லை. காசு வாங்கிக்கொண்டு, உட்கார வைத்து, சாப்பிடவோ குடிக்கவோ எதைக் கொடுத்தாலும் அது ஓட்டல்தான். காண்டீன் உண்டு. காபிக் கடை உண்டு. மது அருந்தும் "பார்" கூட அந்தக் கணக்கில் உண்டு. விதியிலேயே எழுதியிருக்கிறார்கள்.

சட்டம் இருக்கிறது, சரி. புகை போய்விட்டதா?

சேத்துப்பட்டு டீக்கடை

ஆரணிக்குப் பக்கத்தில் உள்ள சேத்துப்பட்டை எடுத்துக்கொள்வோம். (சென்னையில் உள்ள சேத்துப்பட்டு வேறு. ரெயிலில் ஏறி அங்கே இறங்கிவிடாதீர்கள்!) நெல் வியாபாரத்துக்குப் பெயர் போன ஊர். லூர்து மாதா கோவிலுக்கு வெளியூர் ஜனங்கள் வருவார்கள். சுற்றிலும் ஆரணிப் பட்டு நெய்யும் வட்டாரம். நெல் விற்க வந்தவர், மூட்டை தூக்குகிறவர், லாரி டிரைவர், நெசவாளி எல்லாரும் கூடுகிற இடம் எது? டீக்கடைதான்.

நம் பக்கத்து டீக்கடை எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பாய்லர் எங்கே இருக்கும்? வாசலில். மாஸ்டர் எங்கே நிற்பார்? பாய்லர் பக்கத்தில். பீடி பிடிக்கிறவர் எங்கே நிற்பார்? உள்ளே பிடிக்கக் கூடாது என்ற சட்டத்துக்கு மரியாதை கொடுத்து, அவரும் வாசலில்தான் நிற்பார். அதாவது, மாஸ்டரின் மூக்குக்கு நேராக!

ஒருவர் ஒரு பீடி பிடித்துவிட்டுப் போய்விடுவார். 5 நிமிட வேலை. அவர் போனதும் அடுத்தவர் வருவார். மாஸ்டர் எங்கே போவார்? விடியற்காலையில் அடுப்பு மூட்டியது முதல் இரவு கடை கட்டுகிற வரை அவர் அங்கேதான் நிற்க வேண்டும். அவருக்குப் பீடிப் பழக்கமே இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஊர்ப் பீடி எல்லாம் அவர் நெஞ்சுக்குள் போகிறது.

தறியில் பட்டு ஏறியிருக்கும்போது பக்கத்தில் நின்று யாராவது பீடி பற்ற வைப்பார்களா? ஒரு பொறி விழுந்தால் சேலை போச்சு! வீட்டுக்காரர் சும்மா விடுவாரா? சேலைக்குக் கொடுக்கிற மரியாதையை டீ மாஸ்டரின் மார்புக்கும் கொடுங்கள் என்பதுதான் என் வாதம்.

மனைவிமாரின் கதை

"பிடிக்கிறவனுக்குத்தானே கெடுதல்? பக்கத்தில் நிற்பவனுக்கு என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு.

ஜப்பானில் ஹிராயாமா என்று ஓர் ஆராய்ச்சியாளர் இருந்தார். அவர் 91,540 பெண்களின் கணக்கை 14 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார். அத்தனை பேரும் புகை பிடிக்காத குடும்பப் பெண்கள். ஆனால் கணவன்மார்களில் பலர் சிகரெட் பிடித்தார்கள். கணவன் அதிகம் பிடித்த வீடுகளில், சிகரெட்டைத் தொடாத மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகமாக வந்திருந்தது! 1981-ல் அவர் இதை வெளியிட்டார். சிகரெட் கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. கணக்குத் தப்பு என்று வாதாடின. ஆனால் அதன் பிறகு பல நாடுகளில் செய்த ஆராய்ச்சிகளும் அதையேதான் சொல்லின.

வீட்டில் ஒரு கணவன் பிடித்தாலே இந்தக் கதி. ஓட்டலில் நாள் முழுவதும் நூறு பேர் பிடித்தால்?

2016-17-ல் இந்தியா முழுவதும் ஒரு கணக்கு எடுத்தார்கள். 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் புகை பிடிப்பவர்கள் 100-க்கு சுமார் 11 பேர்தான். ஆனால், கட்டிடத்துக்குள் வேலை செய்பவர்களில் 100-க்கு 30 பேர் வேலை செய்யும் இடத்தில் பிறர் விட்ட புகையைச் சுவாசிக்கிறார்கள். பிடிப்பவர் கொஞ்சம், அவதிப்படுகிறவர் அதிகம்.

"லாரி புகை இல்லையா? அடுப்புப் புகை இல்லையா? பீடிப் புகைதானா பெரிது?" என்றும் கேட்கிறார்கள். ஏற்கனவே இரண்டு கடன் இருக்கிறது என்பதற்காக மூன்றாவது கடனும் வாங்குவோமா?

பாரில் வேலை செய்கிற பையன்

"பாருக்கு வந்தவன் சிகரெட் பிடிக்காமல் இருப்பானா? அங்கெல்லாம் சட்டம் பேசலாமா?" என்பது அடுத்த வாதம். மது நல்லதா கெட்டதா என்பதை இன்னொரு ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொள்ளலாம். இப்போது பேசுவது குடிக்க வந்தவரைப் பற்றி அல்ல. தண்ணீரும் சுண்டலும் கொண்டு வந்து வைத்து, மேஜை துடைக்கிறானே ஒரு பையன், அவனைப் பற்றி. அவன் குடிக்க வரவில்லை. சம்பளத்துக்கு வந்திருக்கிறான். அவன் தினமும் இரவு சட்டை முழுவதும் புகை நாற்றத்தோடு வீட்டுக்குப் போகிறான்.

அயர்லாந்து என்ற சிறிய நாட்டிலும் இதே வாதம் நடந்தது. அங்கே மதுக்கடை என்பது ஊருக்குச் சாவடி மாதிரி. மாலையானால் ஊரே அங்கேதான் இருக்கும். அங்கு 2004-ம் ஆண்டு மார்ச் 29-ந் தேதி முதல், கூரைக்குக் கீழ் எந்த வேலை இடத்திலும் புகை கூடாது என்று சட்டம் வந்தது. மதுக்கடையும் தப்பவில்லை. உலகத்தில் இப்படி முழுமையாகத் தடை செய்த முதல் நாடு அதுதான். வேலைக்காரனின் உடம்பைக் காப்பதற்காக என்றே சட்டம் செய்தார்கள். வியாபாரம் படுத்துவிடும் என்று கூச்சல் எழுந்தது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? குளிரில் வெளியே வந்து நின்று பிடித்துவிட்டு உள்ளே போனார்கள். அவ்வளவுதான்!

ஸ்காட்லாந்தில் 2006 மார்ச் மாதம் தடை வந்தது. புகைப் பழக்கம் இல்லாத மதுக்கடை ஊழியர்களை டாக்டர்கள் தடைக்கு முன்பு சோதித்தபோது, 100-க்கு 79 பேருக்கு இருமல், இரைப்பு, கண் எரிச்சல் போன்ற ஏதாவது ஒரு தொல்லை இருந்தது. ஒரே மாதத்தில் அது 53 ஆயிற்று. இரண்டாவது மாதம் 47! மருந்து இல்லை, மாத்திரை இல்லை. புகை நின்றது, இருமலும் குறைந்தது.

பெரிய ஓட்டலுக்குச் சலுகை

நம் சட்டத்தில் ஒரு ஓட்டை உண்டு. 30 பேரும் அதற்கு மேலும் உட்காரும் ஓட்டலில் புகை பிடிக்கத் தனி அறை வைக்கலாம். நாலு பக்கமும் கூரை வரை சுவர், தானாக மூடிக்கொள்ளும் கதவு, புகையை வெளியே தள்ளும் வசதி எல்லாம் வேண்டும். சரி, அந்த அறைக்குள் காபி கொண்டுபோகிறவர் யார்? பெருக்குகிறவர் யார்? அவரும் மனிதர்தானே? தனி அறையே வேண்டாம் என்று 2021-ல் மத்திய அரசு ஒரு திருத்த வரைவை வெளியிட்டது. நல்ல யோசனை.

சின்ன ஓட்டல்களில் இருக்கிற "பேமிலி ரூமை"யும் பாருங்கள். பலகைத் தடுப்பு பாதி உயரம்தான். மேலே திறந்து கிடக்கும். அந்தப் பக்கம் ஒருவர் சிகரெட் பற்ற வைத்தால், இந்தப் பக்கம் குழந்தைக்கு இட்லி ஊட்டும் தாய் முந்தானையால் மூக்கை மூடுகிறாள்.

யார் சொல்வது?

1999-ல் கேரள ஐகோர்ட்டு, பொது இடத்தில் புகை பிடிப்பது மற்றவர் உயிர் வாழும் உரிமையைக் கெடுப்பது என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பை வழங்கிய நீதிபதிகளில் ஒருவர் தமிழரான ஏ.ஆர்.லட்சுமணன். இரண்டு வருஷம் கழித்து சுப்ரீம் கோர்ட்டும் பஸ், ரெயில், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடங்களில் புகை கூடாது என்றது. கோர்ட்டு சொல்லிவிட்டது. சட்டம் சொல்லிவிட்டது. கடையில் சொல்ல வேண்டியவர் யார்?

"அண்ணே, கொஞ்சம் தள்ளிப் போய்ப் பிடிங்க" என்று சர்வர் சொன்னால், "நீ யாருடா எனக்குச் சொல்ல?" என்று பதில் வரும். பாவம், அவரால் சொல்ல முடியாது. முதலாளியால் முடியும். அவரோ, "வாடிக்கைக்காரர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்" என்று பயப்படுகிறார். ஒரு கடை மட்டும் சொன்னால் போவார்தான். எல்லாக் கடையும் சொன்னால் எங்கே போவார்? சட்டம் எல்லாருக்கும் பொதுவாக இருப்பது இதற்காகத்தான்.

சேத்துப்பட்டு முதலாளிகளுக்கு ஒரு யோசனை. கடை வாசலில் பீடி பற்ற வைக்கக் கயிற்றில் கங்கு தொங்கவிடாதீர்கள். தீப்பெட்டி, சாம்பல் கிண்ணம் எதையும் கடையில் வைக்கக் கூடாது என்பதுதான் விதி. பெஞ்சைப் பாய்லரிலிருந்து இருபது அடி தள்ளி, ஒரு மரத்தடியில் போடுங்கள். பிடிக்க வேண்டும் என்கிறவர் அங்கே போகட்டும்.

உள்ளே புகை பிடித்தவருக்கு அபராதம் 200 ரூபாய் வரை. புகார் வந்தும் முதலாளி சும்மா இருந்தால், எத்தனை பேர் பிடித்தார்களோ அத்தனை பேருக்கான அபராதத்தை அவர் கட்ட வேண்டும். வாசலில் 2 அடி நீளம், 1 அடி அகலத்துக்குக் குறையாமல் எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும். புகாரை யாரிடம் சொல்வது என்று பெயரும் எழுதியிருக்க வேண்டும். பல கடைகளில் பலகை இருக்கிறது. பெயர் எழுதும் இடம்தான் காலியாக இருக்கிறது.