நான்கு பேருக்கும் வேலை இருக்கட்டும்



இணையத்தில் தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியர்களிடம் பேசும்போதெல்லாம் ஒரே குறை காதில் விழுகிறது. பிள்ளைகளை நால்வர் நால்வராகப் பிரித்துக் குழு அறைகளுக்கு அனுப்புகிறார்கள். எட்டிப் பார்த்தால் நான்கு கறுப்புக் கட்டங்கள். ஒரு சத்தமும் இல்லை. இல்லாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று எல்லாவற்றையும் தானே எழுதிக்கொண்டிருக்கிறது. மற்ற மூவரும் அது முடிக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். ஆசிரியர் வெளியே வந்த மறுகணம் பேச்சு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவது இன்னொரு வருத்தம். “குழு வேலையெல்லாம் நேர் வகுப்புக்குத்தான் சரி” என்று அதை விட்டுவிட்டவர்களும் உண்டு.

விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இம்மாதப் பக்கம்.

2020 ஏப்ரல் 8ஆம் தேதி சிங்கப்பூர்ப் பள்ளிகள் எல்லாம் வீட்டிலிருந்தே கற்றலுக்கு மாறின. அந்த வாரமே ஒரு வகுப்புக்குள் வெளியாட்கள் நுழைந்து ஆபாசப் படங்களைக் காட்ட, கல்வி அமைச்சு ஸூம் பயன்பாட்டை நிறுத்திவைத்தது. பாதுகாப்பை இறுக்கிய பிறகே மீண்டும் அனுமதித்தது. அந்த அவசரத்தில் பாடத்தைத் திரைக்குக் கொண்டுவருவதே பெரிய காரியமாக இருந்தது. குழுவைப் பற்றி நினைக்க யாருக்கு நேரம்? ஆனால் இணைய வகுப்பு அந்த ஆண்டோடு போய்விடவில்லை. 2021 முதல் உயர்நிலைப் பள்ளிகளிலும் தொடக்கக் கல்லூரிகளிலும் வீட்டிலிருந்தே கற்கும் நாள்கள் வழக்கமான பள்ளி வாழ்வின் பகுதியாகிவிட்டன. வார இறுதித் துணைப்பாட வகுப்புகள் பலவும் திரையிலேயே தங்கிவிட்டன. இனி இதைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொள்ளலாம்.

தமிழ் வகுப்புக்குச் சிறு குழு ஏன் இவ்வளவு முக்கியம்? ஒரு சின்னக் கணக்குப் போதும். வகுப்பில் 24 பேர். பேச்சுக்கு 30 நிமிடம். ஒருவர் பின் ஒருவராகப் பேசினால் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது ஒன்றேகால் நிமிடம். அதே 30 நிமிடத்தை மூவர் குழுவில் கழித்தால் ஆளுக்குப் பத்து நிமிடம். நால்வர் குழுவென்றால் ஏழரை நிமிடம். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காடு மட்டுமே. ஆங்கிலம் என்றவர்கள் 48.3 விழுக்காடு. நம் பிள்ளைகள் பலருக்கு அந்த ஏழரை நிமிடம்தான் அன்றைக்குத் தமிழில் வாய் திறந்து வாதாடும் ஒரே வேளை. அதை வெறும் அமைதியில் கரையவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

அறைக்குள் அமைதி ஏன் வருகிறது? பெரும்பாலும், கொடுத்த வேலைக்கு நான்கு பேர் தேவைப்படுவதில்லை. “இந்தப் பத்தியைப் படித்து ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்” என்றால் ஒருவரே அதை முடித்துவிடலாம். மற்றவர்கள் சும்மா இருப்பது சோம்பலால் அன்று, அவர்களுக்கு அங்கே இடமில்லாததால். மாக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களை வடம் இழுக்கவைத்து அளந்து, 1913இல் முடிவுகளை வெளியிட்டார். ஆள் கூடக் கூட ஒவ்வொருவரும் போடும் பலம் குறைந்துகொண்டே போனது. தேர் வடம் பிடித்தவர்களுக்கு இது புதிதன்று.

இதற்கு ஒரு மாற்றை 1971இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் கண்டார். கறுப்பின, வெள்ளை, ஹிஸ்பானியப் பிள்ளைகள் அப்போதுதான் ஒரே வகுப்பறைக்கு வந்திருந்தார்கள். போட்டியும் பகையுமாக இருந்தது. ஆரன்சன் பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஆளுக்கொரு துண்டைக் கொடுத்தார். என் துண்டு உன்னிடம் இல்லை. நான் வாய் திறந்தால்தான் உனக்குப் பாடம் முழுமையாகும். நான் பேசுவதைக் கேட்காமல் உனக்கு வேறு வழியில்லை. படத்துண்டுகளைச் சேர்க்கும் விளையாட்டைப் போன்ற இந்த முறை, இணைய அறைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. நேர் வகுப்பில் பக்கத்துப் பிள்ளையின் தாளை எட்டிப் பார்த்துவிடலாம். திரையில் முடியாது.

நம்மூர்ப் பொருளிலேயே ஒரு பாடத்தைச் செய்துபார்ப்போம். லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் ரோடு இருக்கிறது. மீன் தலைக் கறி சாப்பிடப் போகாத தமிழ்க் குடும்பம் குறைவு. ஆனால் அந்தச் சாலையில் குதிரையும் இல்லை, பந்தயத் திடலும் இல்லை. திடல் எங்கே போயிற்று? இதை நான்கு துண்டாக்குங்கள். முதல் பிள்ளைக்கு அந்தச் சாலையை ஒட்டிய ஃபேரர் பார்க்: 1842இல் தொடங்கிய ஸ்போர்ட்டிங் கிளப், அடுத்த ஆண்டு அங்கே நடத்திய பந்தயம். இரண்டாம் பிள்ளைக்கும் அதே ஃபேரர் பார்க்தான், ஆனால் குதிரைகள் போன பிறகு: 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்து இரண்டே நாளில், பிடிபட்ட இந்திய வீரர்கள் பல்லாயிரம் பேர் அங்கே திரட்டப்பட்டார்கள், இந்திய தேசிய ராணுவத்தின் கதை அங்கிருந்து விரிகிறது. மூன்றாம் பிள்ளைக்குப் புக்கிட் தீமா: 1933 முதல் 1999 வரை. நான்காம் பிள்ளைக்குக் கிராஞ்சி: 1999இல் வந்த திடல், 2024 அக்டோபர் 5ஆம் தேதி நடந்த கடைசிப் பந்தயம், அந்த நிலத்தில் வீடுகள் கட்டும் திட்டம்.

ஒவ்வொரு துண்டும் அரைப்பக்கம் போதும். இனி, எந்த ஒரு துண்டிலும் விடை இல்லாத கேள்வியைக் கேளுங்கள்: பந்தயத் திடல் ஏன் ஊரைவிட்டு வெளியே வெளியே நகர்ந்துகொண்டே போனது? நான்கு பேரும் தங்கள் துண்டைச் சொல்லிமுடிக்காமல் இதற்கு விடை கிடைக்காது. பிறகு ஒரு முடிவு எடுக்கச் சொல்லுங்கள். கிராஞ்சித் திடலில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளோடு, பழைய நினைவாக ஒன்றே ஒன்றை விட்டுவைக்கலாம் என்றால் எதை விட்டுவைப்பீர்கள், ஏன்? இங்கே பிள்ளைகள் சண்டை போடுவார்கள். போடட்டும். கூர்மையான பிள்ளை யாராவது, கொஞ்ச தூரத்தில் இருக்கும் கிராஞ்சிப் போர் நினைவகச் சுவர்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டிருப்பதையும், அவற்றில் இந்திய வீரர்களும் இருப்பதையும் இரண்டாம் துண்டோடு முடிச்சுப் போட்டுவிடும். அந்த இடத்தில் ஆசிரியர் வாயை மூடிக்கொண்டு கேட்டாலே போதும்.

பேச்சு ஆங்கிலத்துக்குத் தாவுவதைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். “தமிழில் பேசு” என்று அதட்டுவதால் பயனில்லை. நம் பிள்ளைகளுக்குக் குதிரைக்கும் நிலத்துக்கும் தமிழ்ச்சொல் தெரியும். மறுத்துப் பேசவும், இடைமறிக்கவும், ஒப்புக்கொள்ளவும் தமிழ் வாக்கியம் வருவதில்லை. அதைக் கையில் கொடுத்தனுப்புங்கள்: “எனக்கு அப்படித் தோணலை, ஏன்னா…”, “நீ சொன்னதோட இன்னொண்ணும் சேத்துக்கலாம்…”, “கொஞ்சம் இரு, அது எந்த வருஷம்?” பேச்சுத் தமிழிலேயே கொடுங்கள். 2005இல் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழுவே வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு இடம் கேட்டது. சிறு குழுவைவிட அதற்குப் பொருத்தமான இடம் எது?

மற்றவை சின்னச் சின்ன ஏற்பாடுகள். அறைக்கு அனுப்பும் முன்பே பணியை எழுத்தில் கொடுத்துவிடுங்கள், அறைக்குள் போனபின் “என்ன செய்யச் சொன்னாங்க?” என்பதிலேயே மூன்று நிமிடம் போய்விடும். கூச்சமுள்ள பிள்ளைக்கு முதலில் ஒரு நிமிடம் தனியாகக் குறிப்பெழுத விடுங்கள். திரும்பி வந்ததும் யார் சொல்வது என்பதை அப்போது சீட்டுப்போட்டு முடிவுசெய்தால் நால்வரும் தயாராக இருப்பார்கள். அதே நால்வரைச் சில வாரங்கள் சேர்த்தே வைத்திருங்கள். பழகாதவர்களிடம் நம்மில் யார்தான் மனம்விட்டுப் பேசுகிறோம்? எல்லாக் குழுவும் ஒரே கூகுள் ஸ்லைட்ஸ் கோப்பில் ஆளுக்கொரு பக்கத்தில் எழுதினால், எந்த அறை திணறுகிறது என்பது அறைக்குள் நுழையாமலே தெரியும்.

கேமராவைத் திறக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம் என்பது என் கருத்து. மூன்றறை வீட்டில் அண்ணனும் தங்கையும் ஒரே மேசையில் வெவ்வேறு வகுப்பில் இருக்கலாம். பின்னால் பாட்டி படுத்திருக்கலாம். குரல் வந்தால் போதும். கிராஞ்சியின் தொழிலாளர் விடுதிகளைப் போன்ற இடங்களிலிருந்து விடுமுறை நாளில் கைப்பேசி வழியாக வகுப்பில் சேர விரும்பும் தம்பிகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். சிறிய திரையில் கூகுள் கோப்பில் எழுதுவது சிரமம். அவர்களுக்கு மூவர் குழு, வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே ஆளுக்கொரு குரல் பதிவு என்று வைத்தால் இதே முறை வேலை செய்யும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை குழுவில் தடுமாறும்போது பின்னாலிருந்து விடையை எடுத்துக் கொடுக்காதீர்கள். தேடித் தேடிச் சொல்லட்டும். மற்ற மூவர் காத்திருப்பார்கள்.

ஆசிரியர்களே, உங்கள் வகுப்புக்கு ஏற்ற ஒரு பாடத்தை நான்கு துண்டாக்கி எங்களுக்கு அனுப்புங்கள். உங்கள் பேட்டையின் பெயர்க்கதையாக இருக்கலாம், தேக்கா ஈரச்சந்தையாக இருக்கலாம், ஒரு பண்டிகையாகவும் இருக்கலாம். வகுப்பில் நடத்திப் பார்த்து, எங்கே தடங்கியது என்பதையும் எழுதுங்கள். வரும் இதழ்களில் வெளியிடுகிறோம். எந்த ஆசிரியரும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

அன்புடன்,
ஆசிரியர்